காடை வறுவல் விழாவை நிறுத்த வேண்டி

நலம் ஓங்குக. இடியை அடக்கியவரும், புயலைப் புறங்கண்டவரும், மேகங்கள் அனுமதி பெற்றே கடக்கும் வெண்குன்ற நாட்டின் கோவுமாகிய ஏழிசைவளவர் திருமுன், வேட்டைக்காட்டுக் கண்காணி இளஞ்சாத்தன் பணிந்து விடுக்கும் ஓலை.

இன்று விடியலில் எழுந்தேன். பல் துலக்கினேன். கஞ்சி காய்ச்சினேன், இருவருக்கு ஆகிவிட்டது. மீதியை நாய்க்கு ஊற்றிவிட்டுக் காட்டைச் சுற்றி வந்தேன். காடைகள் மிகக் குறைவு.

சென்ற மாதம் வந்த ஆலங்கட்டி மழை தங்கள் பட்டப்பெயர்களை அறிந்திருக்கவில்லை. காடை தரையில் முட்டையிடும் பறவை; நெடும்புல்லே அதற்குக் கூரை. தங்கள் பல்லக்கு புல்லில் சிக்கலாகாது என்று வேட்டைக்கு முன் காட்டை மழித்துவைப்பது நம் வழக்கம். ஆகவே குஞ்சுகளுக்கு மறைவில்லை. நனைந்தவை தாயின் சிறகுக்குள்ளேயே விறைத்தன. பிழைத்தவற்றுக்குப் பூச்சி கிடைக்கவில்லை.

மழைக்காலத்தில் காடைகள் மரமேறித் தங்க வேண்டும் என்று தலைமை அமைச்சர் ஆணை அனுப்பினார். பறையறைந்து அறிவித்தோம். காடைகள் நின்று கேட்டுவிட்டுப் புதருக்குள் நடந்தன. வீரர்கள் அவற்றைப் பிடித்துக் கிளைகளில் வைத்தார்கள். படைத்தலைவன் கொற்றன் ஒரு காடையிடம், "ராசா சொல்லியிருக்காருடி, உக்காந்து தொலை" என்று மன்றாடினான். அது குதித்துவிட்டது. எல்லாக் காடைகளும் இறங்கிவிட்டன. இரு வீரர்களுக்கு மட்டும் இறங்கத் தெரியவில்லை. ஏணி அனுப்பியருள்க.

வரும் நிறைமதியன்று தங்கள் பிறந்தநாள் காடை வறுவல் விழா. எஞ்சியவற்றையும் பிடித்தால் அடுத்த ஆண்டு குஞ்சு பொரிக்க ஒன்றும் இராது. விழாவை நிறுத்துமாறும், புல்லை வளரவிடுமாறும் ஆணையிட வேண்டுகிறேன். அமைச்சர் உடன்படமாட்டார். வாத்துகளுக்குக் காடை வேடமிட்டு அனுப்பலாம் என்கிறார். வாத்துகள் உடன்படவில்லை.

அந்த ஆலங்கட்டி மழையில் குஞ்சுகளை முறத்தால் மூடிக் காத்து நின்ற என் மனைவி செவ்வந்தி, குளிர்காய்ச்சலில் இறந்தாள். தங்கள் இரங்கல் ஓலை கிடைத்தது, நன்றி. அவள் இறுதியாக உரைத்தது யாதென அதில் வினவியிருந்தீர்கள். புலவரைக் கொண்டு அதனைக் கல்லில் பொறிக்கத் திருவுளம் எனவும் அறிந்தேன்.

கொற்றம் வாழ்க, காடும் வாழ்க என்று காட்டு முத்திரை இட்டேன். மறுமொழி வரும்வரை வலைகளைப் பூட்டி வைத்திருக்கிறேன். கல்லில் பொறிப்பதானால், அவள் சொன்னது இவ்வளவே:

"காடை தின்னலேன்னா ராசா செத்தா போயிருவாரு? கத்திரிக்காய வதக்கித் தரச் சொல்லுங்க."