பெஞ்சு வண்டி வந்த வாரம்

அன்புள்ள லோவினாவுக்கும் மாப்பிள்ளைக்கும் அப்பாவும் அம்மாவும் ஆசீர்வாதத்துடன் எழுதுவது, எழுதும் கை மட்டும் சலோமாவுடையது. கர்த்தருடைய கிருபையால் இங்கே மனிதர்கள், மாடுகள், குதிரைகள், கோழிகள் எல்லோரும் சுகம், அம்மாவின் வலது மணிக்கட்டைத் தவிர. மொன்டானாவில் நீங்கள் இருவரும் மணிக்கட்டு உட்பட முழுச் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். அக்கா, முதலில் நான் கவனித்தது ஒரு சின்ன விஷயம்தான், வயலுக்கு அந்தப்பக்கம் கார்ல் ஐயா வீட்டு முற்றத்துக் கம்ப விளக்கு எரியவில்லை. உனக்குத்தான் தெரியுமே, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தி சாய்ந்ததும் தானாக எரியும், அந்த வெளிச்சத்தில்தான் நாம் இருவரும் மாடி அறையில் தலை பின்னிக்கொள்வோம். சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அப்பா உருளைக்கிழங்கை ஊதிக்கொண்டே, "கடைசியில கார்லுக்கும் புத்தி வந்துருச்சு, இனிமே நட்சத்திரம் பாக்கப் போறான்"னு சிரித்தார். அம்மா, "சோளக் கட்டைக்கு ராத்திரியெல்லாம் வெளிச்சம் போட்டு என்னத்தக் கண்டாரு, நல்லதுதான்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. விளக்கை ஏற்றினோம், சாப்பிட்டோம், முழங்கால் போட்டு ஜெபித்தோம், தூங்கினோம். நம் சபை ஒழுங்குப்படி வீட்டுக்குள் மின்கம்பி வருவதில்லை, ஆகையால் இந்த மாவட்டம் முழுக்க மின்சாரம் போனது நமக்கு மட்டும் தெரியவே இல்லை. மறுநாளும் தெரியவில்லை. சாலையில் கார் ஓடவில்லை, அமைதியாக இருக்கிறது என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

அம்மாவின் கை கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிறு ஆராதனை நம் வீட்டு முறை. சபை உட்காரும் பெஞ்சுகளை வீடு வீடாக ஏற்றி வரும் அந்தப் பெஞ்சு வண்டி புதன்கிழமையே வந்து நின்றுவிட்டது. மூன்று வாரமாக அம்மா சுவரைத் தேய்த்தாள், கூரையைத் தேய்த்தாள், அசையாமல் நின்றிருந்தால் அப்பாவையும் தேய்த்திருப்பாள். ஆப்பிள் பைகளும் ரொட்டிகளும் அலமாரி கொள்ளாமல் அடுக்கியிருந்தோம். அப்போதுதான் அந்த மழை, வானத்தில் இருக்கும்வரை தண்ணீர், தரையைத் தொட்டதும் உறைந்து கண்ணாடி. பீட்ரூட் ஊறுகாய் ஜாடியோடு நிலவறைப் படியில் அம்மா வழுக்கினாள். ஜாடிக்கு ஒரு கீறல் இல்லை. அப்பா வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டிருக்கிறார், கன்றுக்குட்டியின் காலுக்குப் போடுவது மாதிரி, இன்னும் ஒரு முடிச்சு போட்டிருந்தால் அம்மாவைத் தொழுவத்தில் விட்டிருக்கலாம். பிஷப் ஆள் அனுப்பி இந்த ஞாயிறு யாரும் வண்டி கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "யாரு பாக்கறதுக்குடி தேச்சேன்?" என்றாள்.

பார்க்க ஆள் வந்தார்கள். மூன்றாம் நாள் காலை, சாலை வளைவுக்கு அந்தப்பக்கம் புதிதாகக் குடி வந்த ப்ரூக், கணவனும் இரண்டு குழந்தைகளுமாகக் காலியான பால் குடுவைகளோடு வாசலில் நின்றாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமாம். அம்மா, "உங்க கிணத்துக்கு என்னாச்சும்மா?" என்று கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். மோட்டார் ஓடவில்லை, வீட்டுச் சூடும் இல்லை, போனும் இல்லை, மரங்கள் விழுந்து கார் வெளியே வராது, எல்லோரும் ஒரே கட்டிலில் கோட்டு போட்டுப் படுத்திருந்தார்களாம். அம்மாவுக்குத் தலை சுற்றியது. "ஐயோ, ரெண்டு நாளா ஊரே குளிர்ல கெடக்குது, நாம ஊறுகா தின்னுட்டு உக்காந்திருக்கோமே! ஏங்க, குதிரையக் கட்டுங்க" என்று கத்தினாள். அப்பா குதிரைகளுக்குப் பனியில் வழுக்காமலிருக்க ஆணி அடித்த லாடம் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. பால் கேன்களில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு சாலை நெடுக ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சாயங்காலத்துக்குள் நம் வீட்டில் பதினோரு இங்கிலீஷ்காரர்கள், நம் சபை சாராத வெளியாட்களை நாம் அப்படித்தானே சொல்வோம்.

அக்கா, நீ இருந்திருக்க வேண்டும். ஆராதனைப் பெஞ்சுகளை இரண்டிரண்டாக முகம் பார்க்கச் சேர்த்துப் போட்டு மேலே போர்வை விரித்துவிட்டோம், சபை உட்காரும் இடத்தில் வரிசையாகத் தூங்குகிறார்கள். அப்பா, "பிரசங்க நேரத்துல நம்ம ஆளுங்க உக்காந்துட்டே தூங்குவாங்க, இவங்க நேர்மையாப் படுத்துத் தூங்கறாங்க" என்றார், அம்மா முறைத்தாள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர்கள் கதவோரச் சுவரை ஒரு தடவு தடவுகிறார்கள். அது என்ன வழக்கம் என்று அப்பா கேட்டார், ஏதோ ஜெபமுறை என்று நினைத்திருக்கிறார். விளக்குப் பொத்தானைத் தேடுகிறார்களாம். இப்போது அப்பாவும் வேண்டுமென்றே தடவிவிட்டு, "ம்ஹூம், இன்னிக்கும் இல்ல" என்கிறார், வீடே சிரிக்கிறது. பதப்படுத்திய மாட்டிறைச்சி, நூடுல்ஸ், சோளம், பீச் பழம் என்று நிலவறையிலிருந்து ஜாடி மேலே வந்துகொண்டே இருக்கிறது. கோடைகாலத்தில் நான் புழுக்கத்தில் ஜாடி மூடிகளைக் கொதிக்கவைத்து வியர்த்தபோது இதெல்லாம் யார் தின்பதற்கு என்று அம்மாவிடம் முணுமுணுத்தேன் இல்லையா, அதற்குப் பதில் இப்போது பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாம் தட்டு கேட்கிறது. அம்மா சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள், "சுத்தம் பண்றதுதான் நம்ம வேலை, யாரு வந்து உக்காரணும்ங்கறத நாம முடிவு பண்றதில்ல போலிருக்குடி லோவினா."

எனக்கு ஒரே கஷ்டம், அவர்கள் பேசுகிறார்கள். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், மாட்டு டாக்டர் வந்தாலே பண்ட அறைக்குள் போய்விடுவேன். வீட்டில் நம் சொந்த மொழிதான், எட்டாம் வகுப்போடு ஆங்கிலம் பேசுவது நின்றுவிட்டது, வாயில் வருவதற்குள் எதிரே இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். ப்ரூக்கின் மகள் நான் போகும் இடமெல்லாம் பின்னால் வந்து, ஏன் தலையில் குல்லா, ஏன் கொண்டையில் ஊசி, மாட்டுக்குப் பெயர் யார் வைத்தது என்று கேட்கிறாள். பண்ட அறையிலும் இப்போது ஒருவர் தூங்குகிறார், ஒளிய இடமில்லை.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பு வராத ஒன்று இருக்கிறது, அது கார்ல் ஐயா வீடு. அவர் மனைவி ஜாய்ஸம்மா நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்து போன வாரம்தான் திரும்பினார். குளிர் படவே கூடாதென்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்கள் வீட்டுச் சூடு முழுக்க மின்சாரத்தில். கார்ல் ஐயாவின் இரும்புக் கதவு போட்ட அறை உனக்கு நினைவிருக்கும், இருபது வருஷமாக ஆபத்துக் காலத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கிறாரே, வாளி வாளியாக அரிசி, மாவு, முட்டைப் பொடி. அந்தப் பொடி இருபத்தைந்து வருஷம் கெடாது என்று அவர் பெருமையாகச் சொன்னபோது அப்பா, "அதுக்கப்புறம் அதத் திங்க நமக்குப் பல்லு இருக்கணுமே கார்ல்" என்று கேட்டுத் தொலைத்தார், ஒரு மாதம் மனிதர் முகம் கொடுக்கவில்லை. மின்சாரம் போன அன்றே சின்ன ஜெனரேட்டரை ஓடவிட்டிருக்கிறார். மூன்றாம் நாள்தான் அப்பா அந்தச் சத்தத்தின் காரணத்தைப் புரிந்துகொண்டார், அதற்கு முன் யாரோ மரம் அறுக்கிறார்கள் என்று நினைத்தோம். அப்பா இரண்டு முறை போய்க் கூப்பிட்டுவிட்டார். "ஏனோஸ், இந்த நாளுக்காகத்தான் நான் இருபது வருஷமாத் தயாரா இருக்கேன். என்கிட்டயே வந்து இடம் இருக்குங்கறியா? உனக்கு ஏதாச்சும் வேணும்னா கேளு, தர்றேன்" என்று கதவைச் சாத்திவிட்டாராம். சாத்தும்போது உள்ளேயிருந்து இருமல் கேட்டதாம், அப்பா அதைச் சொல்லிவிட்டு காபியைக் குடிக்கவில்லை. அம்மா, "கெட்ட மனுஷன் இல்லடி அவரு. நமக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா காலணி மாட்டாமக்கூட காரைக் கொண்டாந்து நிறுத்துவாரு. குடுக்கத்தான் தெரியும். வாங்குன்னா கை மடங்கிக்குது" என்றாள். ஜாய்ஸம்மாவுக்காக நீங்களும் அங்கே ஜெபம் பண்ணுங்கள்.

அம்மா சில விஷயம் சொல்லச் சொல்கிறாள். ஜாடியைத் தலைக்கு மேல் உயரத்தில் அடுக்காதே, இறக்கும்போது நீதான் விழுவாய். மண்ணெண்ணெயை மாவுக்குப் பக்கத்தில் வைக்காதே, போன வருஷம் வைத்தாய், அந்த ரொட்டியை மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் தின்றாராமே, நல்ல மனிதர், அவரை மறுபடி சோதிக்காதே. முதல் பனிக்கு முன்னால் லாடத்தில் ஆணி அடித்துவிடுங்கள். உங்கள் இருவருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடாமல், வாசலில் யார் நின்றாலும் ஆகும் என்று போடு. அப்பா சொல்வது ஒன்றுதான், பக்கத்து வீட்டு விளக்கைத் தினமும் பார், நமக்கு வேண்டாத விளக்கானாலும் எரிகிறதா என்று பார், எரியாவிட்டால் சிரித்துக்கொண்டு உருளைக்கிழங்கு தின்னாமல் எழுந்து போய்க் கேள். கர்த்தர் உங்கள் வாசற்படியையும் அடுப்பையும் காப்பாராக, உங்கள் கையில் இருப்பது குறையாமல் இருப்பதாக. காலி ஜாடிகளை மறக்காமல் யாரிடமாவது கொடுத்தனுப்பு, அம்மா இதை இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு, உன் அப்பா ஏனோஸ், அம்மா வெர்னா, இவர்கள் சொல்ல எழுதிய தங்கை சலோமா.

அக்கா, தபால் வண்டி வரவில்லை, உறையையும் ஒட்டவில்லை, அதனால் மிச்சத்தையும் எழுதச் சொல்கிறாள் அம்மா. இதில் தான் சொல்ல ஒன்றுமில்லை, நீயே எழுது என்கிறாள். நேற்று மேலே உள்ளதை எழுதி முடித்து, இன்று காலையில் பால் கறந்துகொண்டிருந்தேன். எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. மாட்டின் மடியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். ஜெனரேட்டர் சத்தம் இல்லை. அப்பா விடியும்போதே ஆட்களோடு சாலையில் விழுந்த மரங்களை வெட்டப் போய்விட்டார். அம்மாவிடம் ஓடினேன். அம்மா கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நீ போ" என்றாள். என்ன சொல்வது என்று கேட்டேன். "வாங்க, இடம் இருக்குன்னு மட்டும் சொல்லாத. அத உங்கப்பா ரெண்டு தடவ சொல்லிச் சொல்லி வாசல்ல நின்னுட்டு வந்துட்டாரு. உனக்கு எது வேணுமோ அதப் போய்க் கேளு" என்றாள். எனக்கு என்ன வேண்டும் என்று வயல் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன், மூன்று இடத்தில் விழுந்தேன். வெறுங்கையோடு போகவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

கார்ல் ஐயா கதவைத் திறந்தபோது கோட்டுக்கு மேல் கோட்டு, கழுத்தில் இரண்டு சால்வை. பேசும்போது வீட்டுக்குள்ளேயே வாயிலிருந்து ஆவி வந்தது. "ஏனோஸ் அனுப்பினானா? பெட்ரோல்தான் தீர்ந்துச்சு, மத்தபடி நாங்க நல்லாத்தான் இருக்கோம்னு போய்ச் சொல்லும்மா" என்றார். உள்ளே ஜாய்ஸம்மா இருமினார், நிறுத்தவே இல்லை, நான் அந்த இருமல் முடியக் காத்திருந்தேன். பிறகு சொன்னேன், "எங்க வீட்ல பதினோரு இங்கிலீஷ்காரங்க இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "பயமா? ஏம்மா, என்ன பண்றாங்க?"

"பேசுறாங்க."

உள்ளே இருமல் மாதிரி ஒன்று கேட்டது, அது சிரிப்பு. நான் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அந்தச் சின்னப் பெண் கேள்வியாகக் கேட்கிறாள், மாட்டுக்குப் பெயர் யார் வைத்தது என்றதற்கு என்னையறியாமல் பிஷப் என்று சொல்லிவிட்டேன், அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், அவள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழும்போது என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்கு ஆங்கிலத்தில் தெரியவில்லை, எங்கள் அம்மாவுக்குக் கை முடியவில்லை, ஜாய்ஸம்மா அவர்கள் சபையில் எத்தனை வருஷம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், அவர் வந்து பேசினால் போதும், உட்கார்ந்தே பேசலாம், அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தருகிறேன். அவ்வளவும் உண்மை அக்கா, ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. என் ஆயுளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

கார்ல் ஐயா கதவைச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து ஜாய்ஸம்மா, "கார்ல், என் பூட்ஸ எங்க வச்சீங்க?" என்றார். "டாக்டர் வெளிய போகக்கூடாதுன்னாரு ஜாய்ஸ்." "வீட்டுக்குள்ளயே விறைச்சுக் கெடன்னு சொல்லல இல்ல? பாவம், அந்தப் பொண்ணு உதவி கேக்குது, நீங்க கதவப் புடிச்சுட்டு நிக்கறீங்க." கார்ல் ஐயா சால்வையை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். சட்டைப் பையிலிருந்து இரும்புக் கதவின் சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு, "முட்டைப் பொடி ரெண்டு வாளி கொண்டாரேன், சும்மா வந்தோம்னு ஏனோஸ் சொல்லக்கூடாது" என்றார். பிறகு வெளியே கண்ணாடியாய்க் கிடந்த முற்றத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "இதுல அவ எப்படிம்மா நடப்பா?"

நான் வேலிக்குப் பின்னால் போய், அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்த சறுக்கு வண்டியை இழுத்து வந்து, அம்மா அடுப்பில் சுட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்த செங்கற்களைக் கால் வைக்கும் இடத்தில் அடுக்கி, போர்வையை உதறி விரித்தேன்.