தாய்வீட்டுக் காற்று

3 ஜூன் 2025, செவ்வாய்

ஸ்கேன் முடிந்து சுகிர்தா போன் செய்தாள். ஏழாம் மாதத்துக்குக் குழந்தையின் வளர்ச்சி போதவில்லையாம், இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறதாம். டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொன்னாராம். என் மகள் சாப்பிடாமலா இருக்கிறாள்?

மாதக் கடைசியில் மணவாள நகரில், மாமியார் வீட்டிலிருக்கும் அவளை இங்கே கும்மிடிப்பூண்டிக்கு அழைத்துவர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். என் மனைவி குணசுந்தரி இப்போதே பினாயில் ஊற்றி வீட்டைக் கழுவத் தொடங்கிவிட்டாள்.

6 ஜூன், வெள்ளி

விடாமல் படிக்கிறேன். பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள், வாசனைத் திரவம், கொசு மருந்து, பெயிண்ட் ஆவி. தாயின் உடம்பு வழியாகக் கருவைத் தொடக்கூடியவை. சில ஆய்வுகளில் குழந்தையின் எடை சற்றுக் குறைகிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. இந்தக் குழந்தைக்கு இதுதான் காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவன் நான். தொடர்பு வேறு, காரணம் வேறு என்று தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. கிழவனின் கற்பனையோ?

9 ஜூன், திங்கள்

அந்துருண்டை, ரூம் ஸ்பிரே, கொசுவத்திச் சுருள் – எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். குணசுந்தரி பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா, எலி மாதிரி ஒவ்வொண்ணா இஸ்துக்கினு போறே?"

காரணம் சொன்னேன். பாதியில் சிரித்துவிட்டாள். "அப்ப கொசு கடிச்சா பரவாயில்லையா? டெங்கு வந்தா உன் பொஸ்தகம் வந்து பாக்குமா?"

அவள் கேட்டதும் சரிதானே.

12 ஜூன், வியாழன்

வெளியே போய்வருவதற்குள் பெயிண்டர் அந்தோணி சுகியின் அறையில் ஏணி போட்டிருந்தார். ரோஜா நிறம்.

"பொண்ணு வர்ற ஊடு பளிச்சுனு இருக்க வாணாமா?" என்றாள் குணசுந்தரி.

"வாசனையே வராத பெயிண்ட்டு சார்," என்றார் அந்தோணி. வாசனை இல்லாததும் ஆபத்து இல்லாததும் ஒன்றல்ல. சொல்லவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

காயட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். சாயங்காலம் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வழக்கமான நெடி வந்தது. அவள் மூடினாள். நான் திறந்தேன். அவள் மூடினாள்.

15 ஜூன், ஞாயிறு

கோயிலில் சிலுவைக்கு முன் முழங்காலிட்டேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை.

17 ஜூன், செவ்வாய்

போனில் சுகியிடம் சொல்லிவிட்டேன். காலையிலிருந்து வாக்கியத்தை மாற்றி மாற்றி ஒத்திகை பார்த்து, கடைசியில் வந்தது இதுதான்: "நீ அங்கேயே இருந்துட்டா என்ன, சுகி?"

சுகி கேட்டாள்: "நான் வர்றது உனக்குப் பேஜாரா இருக்குதாப்பா?"

"அய்யோ, இல்லம்மா. இங்க காத்து சரியில்ல..."

"நான் பொறந்து வளந்த காத்துதானே?"

பிறந்தபோது அவளும் உள்ளங்கையில் அடங்குமளவுதான் இருந்தாள். இதை ஏன் இன்றைக்கு நினைத்தேன்? அன்றைக்கு ஏன் நினைக்கவில்லை?

அவளே போனை வைத்துவிட்டாள்.

18 ஜூன், புதன்

"பெத்த பொண்ண ஊட்டுக்கு வராதேன்னு சொன்ன அப்பன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்யா." குணசுந்தரி சோற்றுப் பாத்திரத்தை முன்னால் வைத்தாள், பரிமாறவில்லை. சுகி பிடிவாதக்காரி. இனி குணசுந்தரி அழைத்தாலும் வரமாட்டாளாம்.

29 ஜூன், ஞாயிறு

மணவாள நகர் போனேன். வாசலிலேயே சம்பந்தியம்மா: "வாங்க சார். எங்க ஊட்டுக் காத்து நல்ல காத்தாமே, வாங்கிக்கினு போலாம்னு வந்தீங்களா?"

மருமகன் பென்னி ஆசையாகப் பிரியாணி வாங்கிவந்தான். கொதிக்கக் கொதிக்க, பிளாஸ்டிக் பையில். சுகி படுக்கும் அறையில் கொசு மருந்து பகலிலும் எரிகிறது. ஜன்னலுக்கு வெளியே குப்பை புகைகிறது.

இதற்காகவா அவளை வராதே என்றேன்?

கிளம்பும்போது மட்டும் கேட்டாள். "நான் இன்னாப்பா தப்பு பண்ணேன்? எல்லாரும் சாப்பிடறதுதான் சாப்பிடறேன். எல்லாரையும் மாதிரிதான் இருக்கேன்."

"நீ ஒண்ணும் பண்ணலம்மா."

அது உண்மை. அவள் எதையாவது செய்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

20 ஜூலை, ஞாயிறு

மறுபடி ஸ்கேன். இப்போது மூன்று வாரம் பின்னால்.

6 ஆகஸ்ட், புதன்

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம், காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டேன். "நிறைய இருக்கலாம் சார், பல கேஸ்ல தெரியறதே இல்ல," என்றார். நல்ல மனிதர். என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் குணசுந்தரி சுகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாடி நம்ம ஊட்டுக்கு" என்றாள். சுகி அழுதாள், தலையாட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை.

வாடகைக் காரில் நான் முன்னால் உட்கார்ந்தேன். தொழிற்பேட்டைத் திருப்பத்தில் நெடி வந்தது. திரும்பிப் பார்த்தேன். சுகி முந்தானையால் குழந்தையின் மூக்கை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடிய ஏத்துப்பா."

ஜூன் மாதத்துக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஏற்றினேன். உடனே காருக்குள் மல்லிகை செண்ட் தொண்டையைப் பிடித்தது. டிரைவர் பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு வாசனை அட்டை ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். டிரைவர் முந்திக்கொண்டார்.

"புதுசு சார். கொயந்த வருதுன்னு காலைலதான் மாட்னேன். நல்லாகீதா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.