திருப்பிச் சொல்லாத மணமக்கள்

இன்று காலை சீர்திருத்தச் சங்கத்திலிருந்து ஒரு கல்யாண நோட்டீஸ் வந்தது. மை இன்னும் சரியாகக் காயவில்லை. பிரித்ததும் கட்டைவிரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அந்த அச்சு மை வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் என்னவென்று சொல்ல? எட்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு நோட்டீசை அடித்துக்கொண்டு வந்து உன் முன்னால் பெருமையாக வாசித்தவன் நான். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுல நாங்க எப்ப பேசறோம், கெராணி?" என்று கேட்டவன் நீ. நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இருந்தாலும் இந்தச் சிரிப்பை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அப்போது நீ பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினாய். நான் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் மூட்டைக்குச் சீட்டு எழுதும் குமாஸ்தா, உங்கள் வாயில் கெராணி. உங்கள் கூட்டத்துக்குத் தலைவர் தண்டல். காலையில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று அவர் விரல்தான் சொல்லும். வேலை மட்டுமா? கூட்டத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் தாலியை அவர் கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படி வாங்கிக் கட்டியவன் பிறகு அவருக்கு எதிரே வாயைத் திறக்க முடியாது. நீ அஞ்சலையைக் கட்டிக்கொள்வதென்று முடிவானதும் தண்டலிடம் போய், "கல்யாணம் எனக்கு. தாலிய நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாய். மறுநாள் காலை அவர் விரல் உன்னைத் தாண்டிப் போனது. அதற்கடுத்த நாளும் தாண்டிப் போனது.

நான்தான் துள்ளிக் குதித்தேன். எங்கள் சீர்திருத்தச் சங்கத்துக்கு நான் காரியதரிசி. இப்படி ஓர் ஆளுக்காகத்தான் நாங்கள் தவம் கிடந்தோம். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, தண்டலும் இல்லை. புதுமுறைக் கல்யாணம் என்று சங்கத் தலைவரிடம் ஓடினேன். அவர் பினாங்கு ஸ்ட்ரீட்டில் பெரிய கடை வைத்திருந்தார். கல்யாணம் முடிந்ததும் உன்னைத் தன் கடையிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். உன்னைக் கேட்காமலே நோட்டீஸ் அடித்தேன். தலைவர் முன்னுரை, ஏழு பேர் சொற்பொழிவு, வாழ்த்துப் பா, நன்றியுரை. மணமக்கள் உறுதிமொழி பதினோராவது நிகழ்ச்சி. நீ கேட்டது நியாயமான கேள்விதான். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

கல்யாணத்தன்று சங்கத்து மாடியில் நிற்க இடமில்லை. நடுவில் தலைவரின் நாற்காலி, ஓரத்து பெஞ்சில் நீயும் அஞ்சலையும். ஏழு பேர் பேசி முடிப்பதற்குள் உன் மாலையில் பாதிப் பூ உதிர்ந்துவிட்டது. பதினோராவது நிகழ்ச்சி வந்தது. நான் எழுந்தேன். இரண்டு இரவு கண்விழித்து எழுதிய உறுதிமொழி. உங்கள் இருவருக்கும் எழுத்து தெரியாது. அதனால் நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும், நீங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது என் ஏற்பாடு.

"அறிவின்வழி நின்று, அன்பின்பாற்பட்டு," என்று தொடங்கினேன்.

நீ திருப்பிச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் அஞ்சலை எழுந்தாள். அதுவரை அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"ஐயரு சொல்றத அர்த்தம் தெரியாமத் திருப்பிச் சொல்றது தப்புன்னு இப்ப ஏழு பேரு பேசினீங்க. கெராணி சொல்றதும் எங்களுக்கு அர்த்தம் தெரியலயே. இத மட்டும் திருப்பிச் சொல்லலாமா?"

உண்மையாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் வெட்கத்தைவிட ஓர் ஆனந்தம்தான் எனக்குள் குபீரென்று எழுந்தது. நாங்கள் ஐந்து வருஷமாக மேடை போட்டுத் தொண்டை கிழியப் பேசியதை, இந்தப் பெண் ஒரு கேள்வியில் செய்து முடித்துவிட்டாள். அதுவும் எங்களுக்கே.

தலைவருக்கு முகம் சிவந்தது. "சங்கத்து மேடையில் சங்கத்து முறைப்படிதான் நடக்கும்" என்றார்.

நீ கோபப்படவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாய். "தலைவரே, ஒரு தண்டல விட்டுட்டு இன்னொரு தண்டல் கிட்ட வர்றதுக்கா நான் வேலைய விட்டேன்? மேடய நீங்களே வச்சுக்குங்க. நாங்க கீழ போயிக் கட்டிக்கறோம்."

அவர் கடை வேலையும் அதோடு போயிற்று. அது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் படியிறங்கினாய். காரியதரிசி நான், நடவடிக்கைப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். தலைவர் என்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்க்கவே இல்லை, கூப்பிட்டிருந்தாலாவது பரவாயில்லை. புத்தகத்தை அந்த பெஞ்சில் வைத்துவிட்டு, என் செருப்பைத் தேடிப் பிடித்து, மூன்று மூன்று படியாக இறங்கி ஓடிவந்தேன்.

வெல்டு கீ கடற்கரைப் படித்துறையில், கட்டிப்போட்ட தொங்கான் சரக்குப் படகுகளுக்கு நடுவே உன் கல்யாணம் நடந்தது. சாட்சிக்கு நான், வழியில் சேர்ந்துகொண்ட நாலைந்து பேர், வேடிக்கை பார்த்த ஒரு சீன ரிக்‌ஷாக்காரர். நீ அஞ்சலையிடம் சொன்னாய்: "எனக்குப் பேச வராது. நான் சொல்றது ஒனக்குச் சரியாப் படலன்னா சொல்லிடணும். பயந்துக்கிட்டு சும்மா இருக்கக் கூடாது." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்பவே ஒண்ணு சொல்லிர்றேன். மீன் கொழம்புக்கு நான் புளி கம்மியாத்தான் போடுவேன்" என்றாள். இதைவிட நல்ல உறுதிமொழியை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு பழைய சம்பான் படகைப் பிடித்தாய். நீயே தார் பூசி, கப்பலுக்கும் கரைக்கும் ஆள் ஏற்றினாய். மழைக்காலத்தில் அடுப்பெரியாத நாளும் இருந்தது. ஒருநாள் நான் அரிசி கொண்டுவந்து, எங்கே வேண்டாம் என்பாயோ என்று வாசலில் தயங்கி நின்றேன். நீ பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாய். "ஒதவி வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? உத்தரவுதான் வேணாம் லா" என்றாய். தன் காலில் நிற்பது என்றால் யாரையும் அண்டவிடாமல் நிற்பது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். எவ்வளவு பெரிய மடத்தனம்.

நீ காய்ச்சலில் போனபிறகு அஞ்சலை வாசலில் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து நின்றார்கள். பழசையெல்லாம் மறந்துவிடலாம், தன் வீட்டோடு வந்து சமைத்துப் போடட்டும் என்று தண்டல் ஆள் அனுப்பினார். சங்கத்தார் தையல் மெஷின் தருவதாகச் சொன்னார்கள், மேடையில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். அஞ்சலை என்னிடம் யோசனை கேட்டாள். நான் எப்போதும்போல மேதாவித்தனமாக, தையல் மெஷின் நல்லது என்றேன். "கேட்டுக்கிட்டேன் அண்ணே" என்றாள். மறுநாள் காலை அவள் உன் சம்பானை அவிழ்த்தாள்.

நீ அவளுக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கள்ளன், என்னிடம்கூடச் சொல்லவில்லையே. ஆனால் பொம்பளை தள்ளும் படகில் யார் ஏறுவார்கள்? இரண்டு நாள் பார்த்தேன். வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு அடுத்த படகுக்கு நகர்ந்தார்கள். தண்டலின் ஆட்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாளும் இப்படியே போனால் அவள் படகைக் கொடுத்துவிட்டு ஏதாவது ஒரு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் வேளையில், அத்தனை பேர் பார்க்கப் படித்துறையில் இறங்கினேன்.

"எங்க போகணும்ணே?"

"அந்தக் கப்பல் வரைக்கும்."

"கப்பல்ல என்ன வேல?"

"ஒரு வேலையும் இல்ல. போயிட்டுத் திரும்பலாம்."

"சரி. ஆடாம ஒக்காருங்க."

எனக்கு நீச்சல் தெரியாது, உனக்குத்தான் தெரியுமே. ஒவ்வொரு அலைக்கும் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவள் நின்றுகொண்டு துடுப்பு வலித்த அழகைப் பார்த்தபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது படித்துறையில் கூடையோடு ஒரு மரைக்காயர் நின்றார். அவளைப் பார்த்தார். நான் முழுசாக இறங்குகிறேனா என்று பார்த்தார். அப்புறம் கூடையை முதலில் வைத்துவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

ஆபீசுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். துரை காரணம் கேட்டார். பல வருஷமாகக் கைவசம் வைத்திருந்த வயிற்றுவலிச் சாக்கைச் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு வரி என் வாயிலிருந்து தானாக வந்தது.

"எனக்குப் போக வேண்டும் என்று தோன்றியது, போனேன்" என்றேன்.