வலது கையில் எழுதிய விலாசம்

உ

மயிலாப்பூர்,
விரோதி வருஷம் ஆவணி மாதம் 28ந் தேதி.

என் மகள் சௌபாக்கியவதி செண்பகவல்லிக்கு அம்மா முத்துலட்சுமி மனம் நிறைய ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், மதினி, பிள்ளை, நான் எல்லோரும் கபாலீசுவரர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாளும் சுகமாக இருக்க வேண்டும். உன் சுகத்தை மட்டும் நான் கேட்கவில்லை, அது எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வழக்கமாக எழுதுகிற நாளுக்குக் காத்திராமல் இப்போதே எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஆபீசிலேயே குமாஸ்தாவாக இருக்கிறாரே கருணாகரன், நம் குளத்துக்கு அந்தப் பக்கத்து வீடு, அவர் லீவில் வந்தவர் தங்கைக்குத் துணி எடுக்க வந்தார். டில்லியில் எங்கள் பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேம்மா, நல்லாத்தான் இருக்காங்க, கையில மட்டும் இம்மாம் பெரிய கட்டு கட்டிக்கினு இருக்காங்க என்றார். என்ன கட்டு என்றேன். பச்சை குத்தினத எடுக்கறதுக்கு சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைச்சி வெச்சாங்களாம், வெந்து போச்சாம், ஆடி பொறந்ததுலேருந்து ஆறவே இல்லையாம், ஊர்லேருந்து எழுதி வந்த மருந்துன்னு உங்க மாப்பிள்ளை சொன்னாரு என்றார். அப்பா அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டார். ஊரிலிருந்து எழுதி வந்த மருந்து என்ற அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் பக்கத்தில் இருந்த துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டுத் தூக்கை அப்பாவிடம் கொடுத்தேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை.

வீட்டுக்கு வந்து ஆனி மாதம் நீ எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். எல்லாச் செய்தியும் எழுதிவிட்டுக் கடைசியில் ஓரத்தில், அம்மா, மருவை எடுக்க நம் பக்கத்தில் என்ன வைப்பார்கள், இங்கே ஒருவர் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, மாப்பிள்ளை கழுத்தில் காலருக்குக் கீழே ஒரு மரு உண்டே, கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது பார்த்தேன், அதற்குத்தான் கேட்கிறாய், புருஷனைச் சொல்ல வெட்கப்பட்டு ஒருவர் என்று எழுதுகிறாய் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கப் பதில் எழுதினேன், பெரிய வைத்தியச்சி மாதிரி. மருவுக்கு வைப்பது என்றால் ஊசி முனையில் தொட்டு வைப்பது. நீ அதை இரண்டு வரி எழுத்துக்குப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். பச்சை என்று எழுதியிருந்தால் நான் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதானே மரு என்று எழுதினாய். எழுத்தைக் குத்த வைத்தவளும் நான், அதை எரிக்க மருந்து சொன்னவளும் நான். கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆடிக்கு உன்னை அழைத்தபோது லீவு கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளை எழுதினார். நானும் நம்பி ஆடிச் சீரைப் பார்சலில் அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த கடிதமெல்லாம் மாப்பிள்ளை கையெழுத்துத்தான், உனக்கு அடுப்படி வேலை சரியாக இருக்கிறது போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். வெள்ளிக்கிழமையே அப்பா தந்தி கொடுத்தார், மறுநாள் கை தேவலை கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. தந்தியில் வேறு என்ன எழுத முடியும். பின்கட்டில் குடியிருக்கும் நர்ஸ் ஆரோக்கியமேரியிடம் சொன்னேன். சுண்ணாம்புப் புண்ணு மேல ஆறினாப்போலவே இருக்கும், உள்ளாற இறங்கிக்கினே போகும், இத்தினி நாள் ஆறலேன்னா வீட்ல வெச்சிக்கக் கூடாது, அஞ்சு வெரலும் மடங்குதான்னு மொதல்ல கேளுங்க, மடங்கலேன்னா கையி அப்டியே இழுத்துக்கும் என்றாள். அவள் சொன்னது முதல் அரிசி களையும்போதும் பூத் தொடுக்கும்போதும் என் விரல்களையே மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புறப்பட்டு வரலாம் என்றால் அப்பா, மாப்பிள்ளை தேவலை என்று தந்தி கொடுத்த பிறகு போய் வாசலில் நின்றால் அவர் பேச்சை நாம் நம்பவில்லை என்று ஆகும், பெண்ணைக் கொடுத்த இடம், அவர்களாகக் கூப்பிடாமல் போகக் கூடாது என்கிறார். அண்ணனும் அதையே சொல்கிறான். அப்படிச் சொன்ன அப்பாதான் நாலு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

அந்த எழுத்தை ஏன் குத்த வைத்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான சித்திரை மாதம், உனக்குப் பதினோரு வயது. அதற்கு முந்தின மாதம்தான் அறுபத்து மூவர் கூட்டத்தில் என் கையை விட்டுத் தொலைந்தாய். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பெயர் கேட்டிருக்கிறார்கள், அப்பா பெயர் கேட்டிருக்கிறார்கள், பெப்பர்மிண்ட் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள், நீ வாயே திறக்கவில்லை. பயம் வந்தால் உனக்கு வாய் அடைத்துவிடும், சின்னதிலிருந்தே அப்படித்தான். கடை வாடிக்கைக்காரர் ஒருவர் தற்செயலாகப் பார்த்துச் சொல்லி அப்பா உன்னைக் கூட்டி வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். எழும்பூரில் ஜனம் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ரயில் ஏறுகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு அந்த நாள்தான் கண் முன்னால் நின்றது. விலாசத்தைச் சீட்டில் எழுதிப் பாவாடையில் முடிந்து வை என்றார்கள். சீட்டு நனைந்து போகும், துணி எரிந்து போகும் என்று எனக்குத் தோன்றியது, குண்டு விழப்போகிற ஊரில் புத்தி அப்படித்தான் போகும்.

தெப்பக்குளக் கரையில் பச்சை குத்திக்கொண்டிருந்த குறத்தியை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவளுக்குத் தேளும் கோலமும்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. மூன்றாம் வகுப்புப் படித்த என் எழுத்திலேயே மைப்பென்சிலால் உன் கையில் எழுதிக் கொடுத்தேன், அய்யாதுரை மகள் என்று ஒரு வரி, 7 சித்திரக்குளம் மயிலாப்பூர் என்று ஒரு வரி. அவள் அதன் மேலேயே ஊசியை வைத்துக் குத்திக்கொண்டு போனாள். நீ முதலில் இடது கையைத்தான் நீட்டினாய். குறத்தியும் அதுதான் நல்லது, வலது கை வேலை செய்கிற கை, புண் ஆறாது தாயே என்றாள். நான்தான், அப்பா பெயரையும் குடியிருக்கிற வீட்டையும் கால் கழுவுகிற கையிலா எழுதுவது என்று உன் வலது கையைப் பிடித்து இழுத்து அவள் முன்னால் வைத்தேன். நீ அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாய். எழுத்து முடிந்து புள்ளி வைக்கிற நேரத்தில் எனக்கே பொறுக்காமல் போதும் என்று நிறுத்திவிட்டேன், அதனால்தான் அதில் ஓர் எழுத்துக்கும் புள்ளி இல்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, மூட்டைக்கு விலாசம் போடுகிற மாதிரிப் பிள்ளைக்குப் போட்டிருக்கிறாயே என்று சொல்லி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எழும்பூரில் நீ என் முந்தானையை விடவே இல்லை. அந்த எழுத்து இந்த ஏழு வருஷத்தில் ஒரு நாளும் உதவவில்லை.

ஆபீசர் வீட்டு விருந்தில் நடந்ததையும் கருணாகரன்தான் சொன்னார். யாரோ தமிழ் படித்த அம்மாள் உன் கையைப் பிடித்து, மகள, மயிலாபபூர என்று புள்ளியில்லாமல் இழுத்து வாய்விட்டுப் படித்து, மருமகள் தபாலில் வந்தாளா என்று கேட்டாளாம், எல்லோரும் சிரித்தார்களாம். அது முதல் சம்பந்தி அம்மாள் அந்த வெயிலிலும் உன்னை முழுக்கை ரவிக்கை போடச் சொன்னார்களாம், மாப்பிள்ளையும் இதை எடுக்க வழியில்லையா என்று கேட்டாராம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் நானும் சிரிப்புக்குப் பயந்தவள்தான். எனக்குச் சின்ன வயதிலேயே காதைக் கத்தியால் கீறிப் பஞ்சு திணித்து ஈயக் குணுக்கு மாட்டித் தோளைத் தொடுகிற அளவு வளர்த்தார்கள். அதில் பாம்படம் ஆட ஆட மணவறையில் உட்கார்ந்தபோது கோவில்பட்டியிலேயே என்னைப் போல அழகி இல்லை என்று எனக்கு நினைப்பு. இங்கே வந்து கடை வைத்த பிறகு மாட வீதியில் போனால் பிள்ளைகள் பின்னாலேயே வரும், கடைக்கு வருகிறவர்கள் சேலையை விட்டுவிட்டு என் காதைப் பார்ப்பார்கள். அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஆஸ்பத்திரியில் போய் அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தேன். இடது காது நாற்பது நாள் சீழ் வைத்தது. வலிக்கிறது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை, நாமாகத் தேடிக்கொண்டதை எந்த முகத்தோடு சொல்வது என்று இருந்தேன். நீயும் அதனால்தான் எனக்கு எழுதவில்லை என்று தெரிகிறது. ஊர் சிரிக்கிறது என்று உடம்பை அறுத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன், தைத்த காதை வைத்துக்கொண்டு அதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

நேற்று அண்ணன் மகளுக்குக் காது குத்தினோம். மதினியின் தம்பி மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ காது குத்தில் முன்னால் நின்று பிள்ளை வாயில் சர்க்கரை போட்டவள் நான், நேற்று ஆசாரி கம்பியைக் கையில் எடுத்ததும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். அழகுக்கென்று குத்தினாலும் காவலுக்கென்று குத்தினாலும் பிள்ளையைக் கேட்டுக்கொண்டா செய்கிறோம் என்று அங்கே நின்று யோசித்தேன். அது என்னவோ இரண்டு நிமிஷம் அழுதுவிட்டு ஆசாரியின் மீசையைப் பார்த்துச் சிரித்ததாம். உன் பங்குக்கு மதினி பொட்டுக்கடலையும் வெல்லமும் கட்டி வைத்திருக்கிறாள், கருணாகரன் திரும்பும்போது கொடுத்தனுப்புகிறோம்.

வைகாசியில் நீ ஒரு செய்தி எழுதினாய். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் உன் கையைப் பார்த்து இது என்ன என்று சைகையில் கேட்டார், மாப்பிள்ளை இந்தியில் சொன்னதும் உன் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார், இரண்டு வருஷத்துக்கு முன் பிரிவினைக் கலவரத்தில் ஊரை விட்டு வரும்போது அவருடைய எட்டு வயது மகள் ரயிலில் தொலைந்து போனாளாம் என்று. அதை நான் நாலு தடவை படித்தேன். நான் குத்த வைத்தது சரிதான் என்று அவர் துக்கத்தில் ஆறுதல் தேடிக்கொண்டேன், அது தப்புத்தான். செண்பகம், அந்த அம்மாளிடம் போ. பேச வேண்டாம், கட்டை அவிழ்த்துக் காட்டினால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். இனிமேல் சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் யார் சொன்னாலும் வைக்காதே, நான் சொன்னாலும் வைக்காதே. இப்போது பென்சிலின் என்று ஊசி இருக்கிறதாம், போட்டால் சீழ் நிற்கும் என்கிறாள் ஆரோக்கியமேரி. ஊசிக்குப் பயப்படாதே. ஐந்து விரலும் மடங்குகிறதா என்று மறக்காமல் எழுதச் சொல். எழுத்துப் போயிற்றா இல்லையா என்று எழுத வேண்டாம். நம் கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் உனக்குத் துணையிருந்து சகல சுகமும் தீர்க்க சுமங்கலியாக வாழும் பாக்கியமும் தர வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பிரிக்க உன் கை ஆகாது, மாப்பிள்ளைதான் பிரித்துப் படிப்பார். அதனால் இதை அவருக்கே எழுதுகிறேன். மாப்பிள்ளை, கல்யாணமானது முதல் நான் உங்களிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை, கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசியிருக்கிறேன், எங்கள் பக்கத்து மரியாதை அது. இப்போது மரியாதை பார்க்க முடியவில்லை. மேலே எழுதியதில் உங்கள் மனமோ உங்கள் அம்மா மனமோ நோகும்படி ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும் அவள் கையில் இருக்க வேண்டாம், தோலோடு போனாலும் போகட்டும், எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கை மட்டும் இருக்க வேண்டும். அவளாகக் கேட்க மாட்டாள், நீங்கள்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும். இன்றைக்கே போங்கள். இன்றைக்கே என்று எழுதுகிறேன், இது உங்கள் கைக்கு வர நாலு நாள் ஆகும், அந்த நாலு நாளும் நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கும்
அம்மா முத்துலட்சுமி