ஒரே மொட்டைமாடி, ஒரே சாவி

என் செல்ல மகளுக்கு,

நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம். உன் அப்பா நலமா என்று கேட்காதே, நலம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்பதையே அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. எல்லாம் அவர் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய தத்துவப் புத்தகம் செய்த வேலை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பொழுதுபோக்காகப் படிக்கட்டும் என்றுதான் விட்டேன். குடியிருப்புச் சங்கத் தலைவரும் அவர்தான் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

இருப்பது ஒன்றே, பலவாகத் தெரிவது வெறும் தோற்றம் என்று போன மாதக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினார். நாங்களும் தலையாட்டினோம், கைகூடத் தட்டினோம். அதுதான் தப்பு. மறுநாளே, மொட்டைமாடி ஒண்ணு, சாவி மட்டும் எதுக்குப் பன்னிரண்டு என்று வீடுவீடாக ஏறி இறங்கி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒன்றைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அலமாரியில் பூட்டிவிட்டார். துணி காயப்போட அவரிடம் விண்ணப்பம் எழுதவேண்டுமாம், கட்டிய பெண்டாட்டி நான் உட்பட! கீழ்வீட்டுத் தையல்காரர் சும்மா விடவில்லை. எல்லாம் ஒண்ணுன்னா நீங்களும் நானும் ஒண்ணுதானே சார், சாவி என்கிட்டயே இருக்கட்டுமே என்றார். அதற்கு உன் அப்பா, அது பரமார்த்தத்துல, இது நிர்வாகத்துல என்றாரே பார்க்கலாம்.

போன வாரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனவர் சாவியைப் படிக்கட்டுப் பக்கத்துப் பூட்டிலேயே விட்டுவிட்டார், காற்றில் கதவு அறைந்து பூட்டிக்கொண்டது. அவர் போட்ட கூச்சலில் எல்லா வீடும் படியில் கூடிவிட்டது. உள்ளேயும் வெளியேயும் ஒண்ணுதானே சார், எதுக்குக் கூப்பிடறீங்க என்று கேட்டார் தையல்காரர். நான் பூட்டிலிருந்த சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லார் சாவியும் திரும்பி வரும்னு சொல்லுங்க, திறக்கறேன் என்றேன். ஐந்து நிமிடம் கொள்கை தாக்குப்பிடித்தது, அப்புறம் இடி இடித்தது.

சரி என்று ஒத்துக்கொண்டு நனைந்து வந்தவரின் தலையைத் துவட்டிவிட்டபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நீயும் நானும் ஒண்ணுன்னு நெனைச்சேனே, இப்படிப் பண்ணிட்டியே என்றார். முப்பத்தெட்டு வருஷமா ஒண்ணுதான், தும்மல் மட்டும் உங்களுக்கு வருது பாருங்க என்றேன். தும்மிக்கொண்டே சிரித்துவிட்டார்.

படியில் கூடியவர்கள் எல்லோரும் சேர்ந்து கைதூக்கிவிட்டார்கள், இப்போது சங்கத்துக்கு நான்தான் தலைவி. சாவிகளை இன்னும் கொடுக்கவில்லை, கொடுத்துவிடுவேன். கொத்து இடுப்பில் இருந்தால் படியில் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருக்கிறது. நீ ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவிடம் பேசு. புத்தகம் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார், என்னிடம் இருக்கிறது என்று சொல்லாதே. நாற்பது பக்கம் படித்துவிட்டேன், அவ்வளவு மோசமில்லை.

இப்படிக்கு,
சாவிக்கொத்தும் கையுமாக,
உன் அம்மா