மூன்றாம் ஓலைக்கு முன் வந்த படம்

இயேசு மரி சூசை துணை

மேற்குத் தாம்பரம்
12-5-89, வெள்ளி

அன்பு மகன் லாசரஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நலம், மனசளவில் எப்படி என்று போகப் போகத் தெரிந்துகொள்வாய். நீ பம்பாயில் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தப் பாழாய்ப்போன இருமல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கத்திரி வெயில் கொளுத்துகிறது, குழாயில் காற்றுதான் வருகிறது, தண்ணீர் லாரி சத்தம் கேட்டால் தெருவே குடத்தோடு ஓடுகிறது. வழக்கமாக இதையெல்லாம் உனக்குச் சிரிப்பாக எழுதுவேன், இன்றைக்குக் கை வரவில்லை. நான் எழுதுவது எங்கே போய் முடிகிறது என்று தெரிந்துவிட்டதே.

புதன்கிழமை வந்த வாரப் பத்திரிகையில் உன் கார்ட்டூன் பக்கத்தைப் பார்த்தேன். 'அறிவிப்பு அந்தோணி' என்று தலைப்பு. மைக்கை ஊதி ஊதித் தட்டி, பூசை முடிந்த பிறகும் ஜனங்களை வீட்டுக்கு விடாமல், செருப்பை எப்படி வரிசையாகக் கழற்றுவது என்று பாடம் நடத்துகிற மனிதர். முறம் மாதிரி காது, கக்கத்தில் குடை. படத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் போன செப்டம்பரில் நான் உனக்கு எழுதிய வரிகள், ஒரு எழுத்து மாறவில்லை. அப்போது சவுரிமுத்து நமக்கு யாரோ, பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கிற கோயில் கமிட்டி செயலாளர், அவ்வளவுதான். இப்போது அவர் மகன் ஸ்தனிஸ்லாஸுக்குத்தான் நம் அருள்மேரியைக் கொடுக்கப்போகிறோம். நீ முன்பே கொத்தாகப் படம் கொடுத்து வைத்ததில் ஒன்றைப் பத்திரிகைக்காரர்கள் இப்போது எடுத்துப் போட்டிருப்பார்கள் என்று உனக்காக அருள்மேரியே பரிந்து பேசுகிறாள். சரி, நிச்சயதார்த்தம் ஆனதும் அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லி அவர்களுக்கு ஒரு கார்டு போட உனக்குத் தோன்றவில்லையா? கடைசியில் கொட்டை எழுத்தில் 'எழுத்தும் படமும்: செல்வமேரி, தாம்பரம்'. அம்மா பேரைப் புனைபெயராக வைத்தபோது பூரித்துப் போனேன், கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். ஊர்ப் பேரையும் ஏனடா சேர்த்துப் போட்டாய்?

நேற்றுக் காலையில் சவுரிமுத்து சம்மந்தி தட்சிணாமூர்த்தி சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் பத்திரிகையைப் புரட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்து, சார் இது நீங்கதானே என்று காட்டிவிட்டான். அவர் அப்படியே எழுந்து, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு, தோளில் சலூன் துணியோடு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். இன்னா சம்மந்தி இது, யாரு போட்டது, நான் இன்னா கோமாளியா என்று பத்திரிகையை நீட்டிக் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டார். அது இவ இல்லீங்க, தாம்பரத்துல செல்வமேரிக்கா பஞ்சம், மாதா சபையிலயே மூணு பேர் கீறாங்களே என்று ஒரே போடாகப் போட்டார். அவருக்கும் நம்ப ஆசை இருந்தது போல, அப்படியா, அப்படியா என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்து, ஞாயித்துக்கெழம தாண்ட்ற வரைக்கும் வாயத் தெறக்காதே என்றார்.

ஞாயிறு என்னவென்று உனக்கே தெரியும், இருந்தாலும் பம்பாய்க்குப் போய் மறந்திருப்பாய். கோயிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை இந்த ஞாயிறு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று மைக்கில் வாசிப்பது யார்? சம்மந்தியேதான். தன் மகன் ஓலையைத் தானே வாசிக்க வேண்டும் என்று சாமியாரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். மூன்றாவதை வாசிக்காமல் அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் கதை முடிந்தது. இருபத்து நாலாம் தேதி கல்யாணம், அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது. அருள்மேரி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் ஊரைச் சிரிக்க வெக்கட்டும், என் கல்யாணத்த வெச்சா சிரிக்க வெக்கணும் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த நேரம் பார்த்து உன் கடிதம். விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுவிடப் போகிறாய், பகலில் படம், சாயங்காலம் மேடையில் காமெடி, ராத்திரி எழுத்து, மூன்றும் உனக்கு ஒன்றுதான், பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அம்மா ஆசீர்வாதம் வேண்டும் என்று. உன் அப்பா படித்துவிட்டு, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு கேட்டுகீறேன், இவன் மூணாவது காலை எங்க வெப்பான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். உன் கடிதத்துக்கு இன்றைக்குப் பதில் சொல்ல மாட்டேன். முதலில் இந்த ஞாயிறு போகட்டும்.

13-5-89, சனி. இதைத் தபாலில் போடவில்லை, போட மனம் வரவில்லை. காலையில் செல்வமேரி டீச்சர் வந்தாள். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாளே, உனக்குப் பின்னால் படித்த பெண், புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிறாள். அவள் பள்ளிக்கூட ஆண்டு மலரில் கவிதை எழுதுகிறவள், அதனால் சவுரிமுத்துவின் சந்தேகம் நேராக அவள் மேல் போய் விழுந்துவிட்டது. அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை, வருஷா வருஷம் மே மாதத்தில் கமிட்டி பார்த்துத்தான் நீட்டிக்க வேண்டும். நேற்று அவளைக் கூப்பிட்டு, ஜூன் மாதம் நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டு வருவாள் என்று பயந்தேன், அவள் அழவில்லை. நான் எழுதலக்கா, ஆனா எழுதினவங்க யாரோ, நல்லாத்தான் எழுதிகீறாங்க என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் லாசர். கேட்கவில்லை, அவ்வளவுதான். காபி போட்டேன், வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பக்கம் என் மகள் கழுத்து, இன்னொரு பக்கம் அவள் பிள்ளைகள் வயிறு. அப்பாவிடம் கேட்டால் ஒரு நாள்தானே, திங்கட்கிழமை பாத்துக்கலாம் என்பார். திங்கட்கிழமை போய்ச் சொன்னால் காரியம் முடிகிறவரை ஏமாற்றினேன் என்று ஆகிவிடும், அதற்குச் சொல்லாமலே இருக்கலாம். புடவையை மாற்றிக்கொண்டு அப்பாவிடம் சொல்லாமல் பஸ் ஏறி இரும்புலியூரில் சம்மந்தி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. வரிகள் என்னுடையவை, படம் என் மகனுடையது, டீச்சருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, எங்கள் வீட்டுக்காரர் சொன்னது பெண்ணைப் பெற்ற பயத்தில் சொன்ன பொய் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சம்மந்தியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத எழுதும்போது நீங்க சிரிச்சீங்களா சம்மந்தியம்மா என்று சம்மந்தி கேட்டார். இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சிரித்தேன் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதையும் படம் போட்டுவிடாதே. முப்பது வருசம் ரயில்வே கார்ஷெட்ல இன்னொருத்தன் சொல்றதக் கேட்டுகினு இருந்தேன், வாரத்துல ஒரு நாள் நான் சொல்றத நாலு பேர் கேக்கறாங்கோன்னு நெனச்சிகினு இருந்தேன், அப்போ கேக்கலையா, சிரிச்சிகினுதான் இருந்தாங்களா என்றார். கோபத்தில் கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன், இதற்கு நான் தயாராக இல்லை. அவர் உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, பஸ் வந்ததும் கைபிடித்து ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அப்பா தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

14-5-89, ஞாயிறு. பெந்தெகொஸ்தே திருநாள், கோயிலில் நிற்க இடமில்லை. ஜனங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார்கள் என்று அவர் எழுந்து நின்றதுமே தெரிந்துவிட்டது. எப்போது ஊதுவார், எப்போது தட்டுவார் என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அருள்மேரி என் கையைப் பிடித்திருந்தாள், அவள் நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது. அவர் ஊதவில்லை, தட்டவும் இல்லை. சின்னக் குரலில் ஓலையை வாசித்தார், மூன்றாம் வரிசைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது. தடை ஏதாவது தெரிந்தவர்கள் என்ற இடத்தில் நிறுத்தினார். மிச்சத்தையும் வாசித்தார். பிறகு பேப்பரைப் பார்க்காமல், பத்திரிகைல வந்தது நான்தான், டீச்சரம்மாவுக்கும் அதுக்கும் ஒண்ணும் கெடயாது, கமிட்டி சொன்னத வாபஸ் வாங்கிகீது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். செருப்பைப் பற்றி இல்லை, சைக்கிள் நிறுத்துவதைப் பற்றி இல்லை, ஒன்றுமே இல்லை. இன்னிக்கு சீக்கிரம் வுட்டாங்கோப்பா என்று எனக்குப் பின்னால் ஒரு ஆள் சந்தோஷமாகச் சொன்னான், திரும்பி ஒரு அறை விடலாமா என்று வந்தது. வெளியே அருள்மேரி போய் அவர் முன்னால் நின்றாள். அவள் நெற்றியில் சிலுவை போட்டார். என்னைப் பார்க்காமல் போய்விட்டார். இனி அறிவிப்பை வேறு ஆள் படிக்கட்டும் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டாராம்.

கல்யாணம் நடக்கும். டீச்சர் வேலைக்குப் போவாள். அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அப்படி எழுத முடியவில்லை. நீ கெட்டவன் இல்லை, நானும் கெட்டவள் இல்லை, அந்தப் படமும் நல்ல படம்தான், இப்போது பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, வந்த கையோடு நெஞ்சில் குத்துகிறது. ஒரு மனிதர் வாயடைத்துப் போனதும் உண்மைதான். இரண்டும் எனக்குத் தெரிந்திருக்கிறது, உனக்கும் தெரிய வேண்டும்.

நீ கேட்ட ஆசீர்வாதத்துக்கு வருகிறேன். வேலையை விடு. உன் அப்பா திட்டட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். படம் போடு, மேடை ஏறு, எழுது, உனக்கு இது மூன்றும் சோறு தண்ணி மாதிரி என்பது பெற்றவளுக்குத் தெரியாதா. நான் தெருக் கதையைத் தொடர்ந்து எழுதுவேன், எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், நீயும் எடுத்துக்கொள். ஆனால் என் பேரை இன்றோடு எடுத்துவிடு. பாசத்தில் வைத்தாய் என்று தெரியும் ராசா. ஆனால் கைதட்டல் பம்பாயில் உனக்குக் கிடைத்தது, அவர் வாசலில் போய் நின்றது நான். யாரைப் பார்த்துச் சிரிக்க வைத்தாலும் அதற்குக் கீழே லாசரஸ், தாம்பரம் என்று போடு. மாலை வந்தால் உன் கழுத்துக்கு வரட்டும், அடி வந்தால் உன் முதுகுக்கு வரட்டும். அந்த அடியை வாங்க முடியாது என்று தோன்றுகிற படத்தைப் போடாதே, வாங்கலாம் என்றால் யார் தடுத்தாலும் போடு, நான் தடுத்தாலும் போடு.

சகல புனிதர்களும் உனக்குத் துணை நிற்கட்டும், உன் கையும் வாயும் நன்றாக இருக்கட்டும். இருபதாம் தேதியே தாதர் எக்ஸ்பிரஸில் கிளம்பு, ரிசர்வேஷன் கிடைக்காவிட்டாலும் ஏறி வா. மறக்காதே, ஸ்டேஷனிலிருந்து நம் வீட்டுக்கு வராதே. பெட்டியோடு நேராக இரும்புலியூர் போ. வேடிக்கைக் குரல் எதுவும் வேண்டாம், யார் மாதிரியும் பேசிக் காட்ட வேண்டாம். அவர் எதிரில் உட்கார்ந்து, எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், எத்தனை நேரம் வேண்டுமானாலும் சொல்லட்டும், முழுக்கக் கேட்டுவிட்டு வா. சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பேன்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா