சரளைக்கு ஒரு பிரேக், மழைக்கு ஒரு பிரேக்

ஜூன் 3

பண்ணைக்குப் போகும் சரளை இறக்கத்தில் இன்று உயிர் போய் உயிர் வந்தது. குறுக்கே ஒரு கன்றுக்குட்டி. பிரேக்கை அழுத்தினால் மிதி காலுக்கடியில் நடுங்குகிறது, வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நல்லவேளை, கன்று தானாக ஒதுங்கியது. மாட்டு டாக்டரே கன்றின் மேல் வண்டியை ஏற்றினாள் என்றால் ஊர் சிரிக்காதா?

ஜூன் 4

பால் வண்டி டிரைவரிடம் சொன்னேன். பிரேக்கோடு சேர்ந்த ஏ.பி.எஸ். கருவி சக்கரத்தைப் பூட்ட விடாது, விட்டுவிட்டுத்தான் பிடிக்கும். சரளையில் சக்கரம் பூட்டினால்தான் முன்னால் கல் குவிந்து வண்டி சீக்கிரம் நிற்கும் என்றார். தன் காரில் அதன் ஃப்யூஸைக் கழற்றிவிட்டாராம். நானும் கழற்றினேன். அதே இறக்கத்தில் மிதித்துப் பார்த்தேன். சரசரவென்று இழுத்துக்கொண்டு நேற்றைவிட வெகு குறைந்த தூரத்திலேயே நின்றது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தது. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். நிம்மதி.

ஜூன் 11

மழை. பண்ணை ஜீப்பிலேயே வந்து அழைத்துப் போனார்கள். பசுவுக்குப் பிரசவச் சிக்கல். தோள்வரை கை உள்ளே. கன்று வெளியே வந்தபிறகுதான் இவர் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். தன் அக்காவை ரயில் ஸ்டேஷனில் விட நம் காரை எடுத்துப் போகிறாராம்.

அந்த ஃப்யூஸ் -

இவர் லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான். நான் நச்சரித்துக் கற்றுக்கொண்டவர். நனைந்த தார் ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது போனை எடுக்காதீர்கள் என்று பாடம் நடத்தியதும் நான்தான். நாத்தனார் போன் சுவிட்ச் ஆஃப். கையைக் கழுவிவிட்டு மறுபடி மறுபடி கூப்பிடுகிறேன். என்ன காரியம்டி பண்ணி வச்சிருக்கே?

அதே நாள், மாலை

வந்துவிட்டார்கள். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முன்னால் போன பஸ் சட்டென்று நின்றதாம். மிதித்தபடியே ஸ்டியரிங்கை ஒடித்தாராம். வண்டி திரும்பவே இல்லை, நேராக வழுக்கியிருக்கிறது. பஸ் நகர்ந்ததால் பிழைத்தார்கள். ரயிலை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"எனக்கு வண்டியெல்லாம் வராதும்மா. என் கால் சரியில்ல," என்று சாவியை என் கையில் வைத்தார். இனிமேல் தம்பியை ஓட்டவிடாதே என்றார் நாத்தனார். சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு இருவருக்கும் சோறு போட்டேன்.

ஜூன் 12

ஃப்யூஸைத் திரும்பப் போட்டேன். அது சுலபமாக இருந்தது.

ஜூன் 15

பஸ்ஸில் போய் நனைந்து வந்தார். லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். தலையைத் துவட்டி முடித்தபிறகுதான் பேசினார்.

"நாலு நாளா என் காலைத் திட்டிட்டு இருந்தேன். நீ பார்த்துட்டு இருந்திருக்கே."

ஜூன் 22

சரளை இறக்கத்தை இப்போது முதல் கியரில் ஊர்ந்து கடக்கிறேன். பின்னால் டிராக்டர்கூட ஹாரன் அடிக்கிறது. வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு.

ஜூன் 28

மழை. இன்று சாவியை அவரே கேட்டார். கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறப் போனேன்.

"பின்னாடி உட்காரு," என்றார்.

உட்கார்ந்தேன். நன்றாகத்தான் ஓட்டுகிறார். வழி முழுக்க அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.